"லேட்டஸ்ட் வெர்ஷன்தான் சார்" என்பது பதில் இல்லை

1/
போன மாதம் நாச்சியாபுரத்தில் என் கிளினிக்குக்கு ஒரு ஆச்சி, காய்ச்சலோடு பேரனைத் தூக்கிட்டு வந்தாங்க. ஒரு வயசு, 10 கிலோ. பரிசோதித்தேன். வைரல் காய்ச்சல்தான், பயப்பட ஒன்றுமில்லை. பாராசிட்டமால் சிரப் வீட்டிலேயே இருக்குன்னு பாட்டிலையும் கையோடு கொண்டு வந்திருந்தாங்க.

போனில் இருக்கும் டோஸ் கணக்குப் போடும் ஆப்பில் எடையைத் தட்டினேன். 6 மி.லி. என்றது. சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

ஆச்சி சீட்டைப் பார்த்தாங்க. பாட்டிலைப் பார்த்தாங்க.

"டாக்டரய்யா, போன தடவை இதே மருந்துக்கு மூணுன்னுதானே எழுதிக் குடுத்தீக? இப்ப ஆறுங்கிறீக. புள்ள அப்படி ஒண்ணும் எடை கூடலையே?"

2/
பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். 5 மி.லி.க்கு 250 மி.கி.

கணக்கு இதுதான். கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 10 கிலோவுக்கு 150 மி.கி. அந்த பாட்டிலில் அது 3 மி.லி. ஆச்சி சொன்னதுதான் சரி.

ஆப் 6 மி.லி. சொன்னதற்குக் காரணம், 5 மி.லி.க்கு 125 மி.கி. இருக்கும் சிரப் என்று அது தானாக எடுத்துக்கொண்டது. முந்தைய மாதம் வரை 250 என்று எடுத்துக்கொண்ட அதே ஆப்.

நான் எழுதியபடி கொடுத்திருந்தால் ஒரு வேளைக்கு 300 மி.கி. நாலு வேளை என்றால் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 120 மி.கி. உச்சவரம்பே 75 தான். ரெண்டு மூணு நாள் தொடர்ந்திருந்தால் ஈரலுக்கு என்ன ஆகும் என்று மருத்துவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

3/
முதல் தப்பு என்னுடையது. லேபிளைப் பார்க்காமல் எழுதினேன். அதை மறைக்கலை. ஆச்சியிடம் அங்கேயே ஒத்துக்கிட்டு சீட்டை மாற்றினேன்.

எப்படி மாற்றினேன் என்பது முக்கியம். 6 என்பதன் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் 3, என் இனிஷியல், தேதி, நேரம். ஒயிட்னர் கிடையாது, கிறுக்கி மறைப்பது கிடையாது. பழையது படிக்கிற மாதிரி இருக்கணும். ஹவுஸ் சர்ஜன் காலத்தில் எங்களுக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்த பாடம் இது.

இந்தப் பதிவு அந்த ஒரு கோட்டைப் பற்றியதுதான். நான் என் தப்பை அடித்துத் திருத்தினால் ஊருக்கே தெரியும். அந்த ஆப் தன் கணக்கை மாற்றியபோது யாருக்குத் தெரிந்தது?

4/
அது ஓப்பன் சோர்ஸ் ஆப். மூல நிரல் முழுக்க கிட்ஹப்பில் இருக்கு. அதனால்தான் நம்பி வைத்திருந்தேன். "திறந்த நிரல் டாக்டர், யார் வேணும்னாலும் பார்த்துக்கலாம்" என்று சொல்லித்தான் எனக்கும் பரிந்துரைத்தார்கள்.

சரி, பார்த்துடுவோம்னு அன்று ராத்திரி உட்கார்ந்தேன். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. பெங்களூரில் வேலை பார்க்கும் தங்கச்சி மகனைக் கூப்பிட்டேன்.

"மாமா, முதல் பக்கத்துல தேடாதீங்க. அது இன்னைக்கு இருக்கிற நிலைமை மட்டும். உங்களுக்கு வேண்டியது என்னைக்கு மாறுச்சுங்கிறது. அதுக்கு கமிட்டைத் தேடணும்."

5/
கமிட் என்றால் என்ன என்று மருத்துவ நண்பர்களுக்காக.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் லினக்ஸ் வேலைக்காக எழுதிய 'கிட்' என்ற கருவிதான் இன்று உலகத்தின் பெரும்பகுதி நிரலைப் பதிந்து வைக்கிறது. ஒவ்வொரு முறை நிரலை மாற்றிச் சேமிக்கும்போதும் ஒரு பதிவு உண்டாகும். யார், எப்போது, எந்த வரியை எடுத்தார், எந்த வரியைச் சேர்த்தார், ஏன் என்று ஒரு குறிப்பு. இதுதான் கமிட்.

ஒவ்வொரு கமிட்டுக்கும் 40 இலக்க அடையாளம் ஒன்று உண்டு. 0 முதல் 9 வரை எண்களும் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் கலந்தது. பெரும்பாலும் முதல் 7 இலக்கம் போதும். உள்ளடக்கத்தையும் முந்தைய கமிட்டின் அடையாளத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு வருவது அது. நடுவில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பிந்தைய அடையாளம் எல்லாம் மாறிவிடும்.

6/
நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை இன்னும் சுலபமாகச் சொல்லலாம். பழைய செட்டிநாட்டு வீடுகளில் பேரேடு பார்த்திருப்பீங்க. ரங்கூன் கடைக் கணக்கும் பினாங்கு கடைக் கணக்கும் ஊருக்கு வரும். இன்றைய இருப்பு எவ்வளவு என்று மட்டும் சொன்னால் முதலாளி ஒத்துக்கமாட்டார். எந்தத் தேதியில், எந்த வரவு, எந்தப் பற்று, யார் கை என்று காட்டணும். பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதுப் பக்கம் ஒட்டினால் கணக்கப்பிள்ளைக்கு அன்றோடு வேலை போச்சு.

கிட்ஹப்பின் முதல் பக்கம் இன்றைய இருப்பு. கமிட் வரலாறு பேரேடு.

7/
தேடுகிற முறை. டாக்டர்கள் தயவுசெய்து சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிட வேலை.

முதலில் சம்பந்தப்பட்ட ஃபைலைக் கண்டுபிடிக்கணும். ரெப்போவின் தேடல் பெட்டியில் மருந்தின் பெயரைப் போட்டாலே பெரும்பாலும் வந்துவிடும்.

ஃபைலைத் திறந்ததும் மேலே 'ஹிஸ்டரி' இருக்கும். அதை அழுத்தினால் அந்த ஃபைலைத் தொட்ட கமிட்டுகள் மட்டும் வரிசையாக வரும். மொத்த ரெப்போவின் ஆயிரக்கணக்கான கமிட்டில் முட்டிக்கொள்ள வேண்டாம்.

பக்கத்தில் 'பிளேம்' என்று ஒன்று. பெயரைப் பார்த்து யார் மேலோ பழி போடுகிறோம் என்று நினைக்காதீங்க. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அந்த வரி கடைசியாக எந்த கமிட்டில் மாறியது என்று காட்டும். வேண்டிய வரியின் எதிரே இருப்பதை அழுத்தினால் அந்த கமிட்டே திறக்கும். எடுத்த வரி சிவப்பு, சேர்த்த வரி பச்சை.

8/
திறந்தது.

சிவப்பில் 250. பச்சையில் 125.

ஒரே ஒரு எண். அதே கமிட்டில் இன்னும் 60 ஃபைல்களில் எழுத்துரு, பொத்தான் நிறம், இடைவெளி என்று என்னென்னவோ மாறியிருந்தன. ஏன் என்ற குறிப்பில் எழுதியிருந்தது இரண்டே வார்த்தை: "மைனர் கிளீனப்".

ஒரு குழந்தையின் மருந்தளவு இரட்டிப்பாவது மைனர் கிளீனப்!

கேஸ் ஷீட்டில் இன்சுலின் 10 யூனிட்டை 20 ஆக மாற்றிவிட்டு "கையெழுத்தைத் திருத்தினேன்" என்று எழுதும் ஒரு ஹவுஸ் சர்ஜனை எந்தச் சீஃபாவது விட்டுவைப்பாரா?

9/
ஆப் செய்தவர்களுக்கு எழுதினேன். அந்த வரிக்கு லிங்க்கும் அனுப்பினேன். மூன்று நாள் கழித்துப் பதில்: "நீங்கள் சொன்ன வரியில் அப்படி ஒன்றும் இல்லையே சார்."

போய்ப் பார்த்தால் உண்மையிலேயே இல்லை. நடுவில் வேறு யாரோ மேலே நாலு வரி சேர்த்திருக்கிறார்கள், என் வரி கீழே நகர்ந்துவிட்டது. நான் அனுப்பியது ஃபைலின் 'இன்றைய' முகவரி. அது ஓடுகிற ஆற்றைக் காட்டி "இந்தத் தண்ணி" என்று சொல்வது மாதிரி.

இதற்கும் வழி இருக்கு. கணினியில் கிட்ஹப் ஃபைலைத் திறந்து வைத்து ஒய் என்ற கீயைத் தட்டினால், மேலே முகவரியில் கிளையின் பெயர் போய் கமிட் அடையாளம் வந்துவிடும். மெனுவில் 'காப்பி பெர்மாலிங்க்' என்றும் இருக்கு. பத்து வருடம் கழித்துத் திறந்தாலும் ரெப்போ இருக்கும்வரை அதே வரிதான் தெரியும். புகார் கொடுக்கும்போது இந்த முகவரியைத்தான் கொடுக்கணும்.

10/
கொடுத்தேன். இப்போது ஒத்துக்கிட்டாங்க. அடுத்த கேள்வி கேட்டேன். "என் போனில் இன்று ஓடுவது எந்த கமிட்? திருத்துவதற்கு முந்தியதா, பிந்தியதா?"

பதில்: "லேட்டஸ்ட் வெர்ஷன்தான் சார். அப்டேட் பண்ணிக்கோங்க."

என் கோபம் எல்லாம் இந்த ஒரு வரியின் மேல்தான்.

லேட்டஸ்ட் என்பது ஒரு பதிலா? போன மாதம் அந்தத் தப்பான எண்ணைக் கொண்டு வந்ததும் லேட்டஸ்ட்தானே?

11/
மெடிக்கல் ஷாப்பில் போய் "இந்த சிரப் எந்த பேட்ச்?" என்று கேட்கிறீங்க. கடைக்காரர் "லேட்டஸ்ட் பேட்ச்தான் சார், குடிங்க" என்றால் குடிப்பீங்களா?

2025 அக்டோபரை மறந்திருக்கமாட்டோம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பறிகொடுத்தோம். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எஸ்ஆர்-13 என்ற பேட்ச்சை எடுத்துச் சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது.

அந்தச் சாவுகளை பேட்ச் எண் தடுக்கவில்லை. ஆனால் எதைத் தேடிப் பிடிக்கணும், எதைக் கடையிலிருந்து எடுக்கணும், யாரிடம் கேள்வி கேட்கணும் என்பதற்கு அந்த எண்தான் முனை. பாட்டிலில் வெறும் "லேட்டஸ்ட்" என்று அச்சடித்திருந்தால் நம் கையில் என்ன இருந்திருக்கும்?

மருந்துக்கு பேட்ச் எண். மருந்தளவைச் சொல்லும் நிரலுக்கு கமிட் எண். இதில் என்ன அதிகப்படியான கோரிக்கை?

12/
"ஒரு சின்ன ஆப்புக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா டாக்டர்?" என்பவர்களுக்கு.

இங்கிலாந்தில் 2016 மே மாதம் வெளியே வந்தது. ஆயிரக்கணக்கான குடும்ப மருத்துவர்கள் பயன்படுத்திய சிஸ்டம்ஒன் மென்பொருளுக்குள் இருந்த க்யூரிஸ்க்2 கணக்கு சிலருக்குத் தப்பான எண்ணைக் கொடுத்திருக்கு. பத்து வருடத்தில் மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லும் கணக்கு அது. ஸ்டாட்டின் கொடுக்கலாமா வேண்டாமா என்பதே அதை வைத்துத்தான். பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய நோயாளிகளின் பட்டியலை எடுத்து மறுபடி பாருங்கள் என்று டாக்டர்களிடம் சொல்ல வேண்டி வந்தது.

கணக்கு தப்பானது டாக்டரின் தலைக்குள் இல்லை, திரைக்குப் பின்னால். கையெழுத்து மட்டும் டாக்டருடையது.

13/
சரி, நம்ம நாட்டுக்கு வருவோம். ஆரோக்ய சேது.

2020 ஏப்ரல் 2 அன்று வந்தது. மே மாதத் தொடக்கத்தில் அலுவலகம் போகிற ஊழியர்கள் எல்லாருக்கும் கட்டாயம் என்று உத்தரவு, பிறகு மே 17-ல் கொஞ்சம் தளர்த்தினார்கள். 11 கோடிக்கும் மேற்பட்டோர் போனில் ஏறிய பிறகு, மே 26 அன்று ஆண்ட்ராய்டு நிரலை கிட்ஹப்பில் வெளியிட்டார்கள்.

அன்று நானும் கைதட்டினேன். "ஓப்பன் சோர்ஸ் பண்ணிட்டாங்க, இனி யாரும் பயப்பட வேண்டாம்" என்று என் நோயாளிகளிடம் சொன்னேன். இன்று அந்தப் பேச்சை ஒரு கோடு போட்டு அடிக்கிறேன். தேதியோடு.

14/
ஏன் அடிக்கிறேன்?

வெளியிட்டது நல்ல காரியம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மே 26 அன்று வந்தது போனில் இருக்கும் பாதி மட்டும். தகவல் போய்ச் சேரும் சர்வர் பக்க நிரல் நவம்பர் வரை வரவில்லை. நம் விவரத்தை என்ன செய்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருந்தது.

அப்போதே விவரம் தெரிந்தவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். "ரெப்போவில் காட்டும் நிரலும் ப்ளே ஸ்டோரிலிருந்து என் போனில் இறங்கியதும் ஒன்றுதான் என்று நான் எப்படிச் சரிபார்ப்பது?" நான் அதை அன்று வீண் சந்தேகம் என்று நினைத்தேன். ஒரு ஆச்சியும் ஒரு சிரப் பாட்டிலும் வந்த பிறகுதான் அது எவ்வளவு சரியான கேள்வி என்று உறைக்குது.

15/
அதே வருடம் அக்டோபர் கடைசியில் நடந்தது இன்னும் சுவாரசியம். இந்த ஆப்பை உருவாக்கியது யார் என்று ஆர்டிஐ-யில் கேட்டார்கள். சம்பந்தப்பட்ட அலுவலகங்கள் ஒன்றை ஒன்று கைகாட்டின. மத்திய தகவல் ஆணையம் கடுப்பாகி, தேசிய தகவலியல் மையத்துக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது.

மறுநாளே அரசு விளக்கம் கொடுத்தது. அரசும் தனியாரும் சேர்ந்து உருவாக்கியது, நிரலை வெளியிட்டபோதே பங்களித்தவர்கள் பெயரையும் வெளியிட்டுவிட்டோம் என்று.

கவனிங்க. பெயர்ப் பட்டியல் வேறு, கமிட் வரலாறு வேறு. கல்யாணப் பத்திரிகையில் இருக்கும் பெயர்களை வைத்து மொய்க் கணக்கு எழுத முடியுமா? எந்த வரியை யார், எப்போது, எதற்காக எழுதினார் என்பதுதான் பதில். முதல் நாளிலிருந்து அந்த வரலாறு மக்கள் முன் இருந்திருந்தால், இந்தக் கேள்விக்கு ஆர்டிஐ மனுவே தேவைப்பட்டிருக்காது.

16/
இப்போது நிரல் எழுதும் நண்பர்கள் வருவார்கள். "டாக்டர், கமிட்டை மட்டும் நம்பிடாதீங்க." சரி, அதையும் சொல்லிடறேன்.

கமிட்டில் இருக்கும் பெயரும் தேதியும் எழுதுபவரின் கணினியில் அவரே போட்டுக்கொள்வது. யார் பெயரில் வேண்டுமானாலும் போடலாம். 2020 நவம்பரில் கிட்ஹப்பின் சொந்த ரெப்போ ஒன்றிலேயே, அப்போதைய தலைமை அதிகாரி நாட் ஃப்ரீட்மன் பெயரைப் போட்டு யாரோ ஒரு கமிட்டை உலாவ விட்டார்கள். பார்த்தவர்கள் அவரே செய்தார் என்று நினைத்தார்கள்.

ஆகவே இரண்டு விஷயம் பார்க்கணும். பக்கத்தில் 'வெரிஃபைடு' என்ற பச்சை முத்திரை இருக்கா? "இந்த கமிட் இந்த ரெப்போவின் எந்தக் கிளையையும் சேர்ந்ததல்ல" என்கிற அர்த்தத்தில் மேலே மஞ்சள் எச்சரிக்கை வருதா? வந்தால் அது வேறு யாரோ நகலெடுத்த ரெப்போவிலிருந்து வந்திருக்கலாம்.

17/
இதைவிடப் பெரிய பாடம் 2024-ல் வந்தது. எக்ஸ்இசட் என்று, உலகம் முழுக்க லினக்ஸ் கணினிகளில் இருக்கும் ஒரு சின்னச் சுருக்கக் கருவி. அதன் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் யாரோ பின்கதவு வைத்திருந்தார்கள்.

ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் மார்ச் 29 அன்று அதை ஊருக்குச் சொன்னார். லாகின் ஆவதற்கு அரை விநாடி கூடுதலாக ஆகுதே என்று நோண்டிப் பார்த்தவர். நம்ம ஆச்சி மாதிரி ஆள்!

அதில் கவனிக்க வேண்டியது இது. பின்கதவைத் திறந்துவிடும் முக்கியமான துண்டு, ரெப்போவில் கமிட்டாக இல்லவே இல்லை. மக்கள் இறக்கிக்கொள்ளும் தொகுப்பில் மட்டும் சேர்த்திருந்தார்கள். கிட்ஹப்பில் ஒவ்வொரு கமிட்டாகப் படித்தவருக்கும் அந்தத் துண்டு தெரிந்திருக்காது.

18/
"அப்போ கமிட்டைப் பார்த்து என்ன பிரயோஜனம்?" என்று கேட்டால், நான் நேர்மாறாகச் சொல்வேன். அதனால்தான் கமிட் எண் மட்டும் போதாது, கையில் இருக்கும் ஆப் அந்த கமிட்டிலிருந்துதான் உருவானது என்று வெளியாள் ஒருவர் சரிபார்க்கவும் வழி வேண்டும் என்கிறேன். அதே நிரலை வேறொருவர் தன் கணினியில் கட்டினாலும் எழுத்துக்கு எழுத்து அதே ஆப் வரணும். இது நடக்காத காரியம் இல்லை. டெபியன் லினக்ஸ்காரர்கள் பத்து வருடத்துக்கும் மேலாக இதற்காக உழைத்து வருகிறார்கள்.

மருந்திலும் அப்படித்தானே? லேபிளில் பேட்ச் எண் இருப்பது ஒன்று. ஆய்வகத்தில் அதைப் பிரித்துப் பார்ப்பது இன்னொன்று. இரண்டாவது இருக்கிறது என்பதற்காக முதலாவதை யாரும் அழிக்கச் சொல்வதில்லை.

19/
அடுத்த வாதம்: "எத்தனை டாக்டர் கமிட் பார்க்கப் போறீங்க?"

நூற்றில் ஒருத்தர்கூட பார்க்கமாட்டோம். ஒத்துக்கறேன். எத்தனை நோயாளி பேட்ச் எண்ணைப் படிக்கிறார்கள்? எல்லாரும் படிக்கணும் என்பதற்காக அது அச்சடிக்கப்படவில்லை. என்றைக்காவது ஒருத்தர் கேட்கும்போது விடை இருக்கணும் என்பதற்காக அச்சடிக்கப்படுகிறது.

எங்களுக்கு விதி இருக்கு. 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி உள்நோயாளியின் பதிவேட்டை 3 வருடம் வைத்திருக்கணும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கணும். நாச்சியாபுரத்தில் ஒற்றை ஆளாக கிளினிக் நடத்துகிறவன் மருந்துச் சீட்டில் ஒரு எண்ணை மாற்றினால் கையெழுத்துப் போடணும். லட்சம் போனில் ஒரே ராத்திரியில் ஒரு எண்ணை மாற்றுகிறவருக்கு "மைனர் கிளீனப்" போதுமா?

20/
என் கோரிக்கை மூன்றுதான். மருத்துவக் கணக்குப் போடும் எந்த ஆப்புக்கும், அது அரசுடையதோ தனியாருடையதோ.

ஒன்று: ஆப்பின் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் வெர்ஷனோடு கமிட் அடையாளமும் இருக்கணும். தொட்டால் அந்த கமிட் திறக்கணும்.

இரண்டு: மருந்தளவு, அலகு, வரம்பு ஆகியவற்றைத் தொடும் மாற்றம் தனி கமிட்டாக வரணும். பொத்தான் நிறத்தோடு கலக்கக் கூடாது. குறிப்பில் பழைய எண், புது எண், காரணம் மூன்றும் இருக்கணும். பார்த்து ஒப்புதல் கொடுத்த மருத்துவர் பெயரும் இருக்கணும்.

மூன்று: வரலாற்றை அழிக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே கமிட்டாகச் சுருட்டி "முதல் வெளியீடு" என்று போட்டுவிட்டு ஓப்பன் சோர்ஸ் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அது பேரேட்டைக் கிழித்துவிட்டுப் புது நோட்டுப் போடுவது.

மூடிய நிரல் விற்கும் கம்பெனிகள் "எங்களுக்கு இது பொருந்தாது" என்று நழுவ வேண்டாம். நிரலைக் காட்டாவிட்டாலும் எந்த நாளில் எந்தக் கணக்கு மாறியது என்று காட்டலாம்.

21/
சக மருத்துவர்களுக்கு. இன்று ஒரு வேலை செய்யுங்க. உங்கள் போனில் நீங்கள் நம்பியிருக்கும் டோஸ் ஆப்பைத் திறந்து, எந்த கமிட் என்று தேடுங்க. இல்லையென்றால் அவர்களுக்கு ஒரு மெயில் போடுங்க. "லேட்டஸ்ட்" என்று பதில் வந்தால் திரும்பக் கேளுங்க. அதுவரை பாட்டில் லேபிளைப் பார்த்துக் கையால் கணக்குப் போடுங்க. நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன். குழந்தைக்கு அரை நிமிடம் கூடும், அவ்வளவுதான்.

தாய்மார்களுக்கும் ஆச்சிமாருக்கும். போன தடவை எழுதின சீட்டைத் தூக்கிப் போடாதீங்க. அடுத்த தடவை வரும்போது கொண்டு வாங்க. எண் மாறியிருந்தால் கூச்சப்படாமல் கேளுங்க. கேட்டால் கோபப்படும் டாக்டர் இருந்தால் டாக்டரை மாத்துங்க.

22/
அந்தக் குழந்தை நல்லா இருக்கான். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுடுச்சு.

போன வாரம் ஆச்சி வேறு விஷயமாக வந்தாங்க. அந்த ஆப்பை என்ன செய்தீக என்று கேட்டாங்க. நடந்ததைச் சொன்னேன். எந்த ராத்திரியில் எந்த எண் மாறியது என்று கண்டுபிடித்ததை எல்லாம் சொன்னேன்.

கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாங்க: "எழுதி வச்சிருக்காக, சரி. மாத்துனா சொல்லணும்ல?"

அவ்வளவுதான் விஷயம்.

பொதுநல மருத்துவர், நாச்சியாபுரம்